கல்பனா சாவ்லாவும் ‘தகுதி’ என்னும் பூட்டும்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் கொடியேற்றிய பிறகு, துணிவுக்கும் வீரதீரச் செயலுக்குமான கல்பனா சாவ்லா விருதைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் வழங்குகிறார். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களைக் காப்பாற்ற, உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசிய மூன்று பெண்களுக்கு அது கிடைத்தது. 2024இல் வயநாடு நிலச்சரிவின்போது கம்பியில் தொங்கியபடி ஆற்றைக் கடந்துபோய் மருத்துவம் பார்த்த கூடலூர்ச் செவிலியருக்குக் கிடைத்தது. அப்பெண்களுக்கு எந்த விருதும் தகும். மானம், கற்பு என்று பெண்ணுடலைச் சுற்றிக் கட்டிய வேலிகளை ஒரு நொடியில் தூக்கி எறிந்து, உயிர்தான் பெரிது என்று காட்டியவர்கள் கொட்டரைப் பெண்கள்.

விருதின் மீது எனக்குக் குறையில்லை. கல்பனா சாவ்லாவைத் ‘துணிவு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிடுவதில்தான் குறை. துணிவு இருந்தால் போதும், கனவு கண்டால் போதும், கடுமையாக உழைத்தால் போதும், கர்னாலில் பிறந்த பெண்ணும் விண்வெளிக்குப் போகலாம் என்று பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் பேசுகிறார்கள். கேட்க இனிக்கும் இந்தப் பேச்சு ஒரு பொய்யை உள்ளே வைத்திருக்கிறது. போகாதவர்கள் எல்லாம் கனவு காணாதவர்கள், உழைக்காதவர்கள், துணிவற்றவர்கள் என்பதே அந்தப் பொய். நாம் நன்றாக அறிந்த ‘தகுதி, திறமை’ வாதத்தின் விண்வெளிப் பதிப்பு இது.

கல்பனாவின் வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அவர் 1962 மார்ச் 17 அன்று இன்றைய அரியானாவிலுள்ள கர்னாலில் பிறந்தார். நாட்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம் அவருடையது. தந்தை சிறுசிறு வேலைகள் பார்த்து, பின்னர் டயர் தொழிலில் காலூன்றினார். சண்டிகரிலுள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியல் படித்து 1982இல் பட்டம் பெற்றார் கல்பனா. பெண்கள் எட்டிப்பார்க்காத துறை அது. பிறகு அமெரிக்கா சென்று, 1984இல் டெக்சாசில் முதுகலை, 1988இல் கொலராடோவில் முனைவர் பட்டம். 1994 டிசம்பரில் நாசா அவரை விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்தது. 1997 நவம்பர் 19 அன்று கொலம்பியா விண்கலத்தில் ஏறி, பூமியை 252 முறை சுற்றித் திரும்பினார். இந்தியாவில் பிறந்த பெண் ஒருவர் விண்வெளிக்குப் போனது அதுவே முதல்முறை.

அவர் பிறந்த மாநிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அரியானாவில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 819 பெண் குழந்தைகளே இருந்தார்கள். விண்வெளிக்கு ஒரு மகளை அனுப்பிய மண் கருவிலேயே மகள்களைக் கலைத்துக்கொண்டிருந்தது. பெண் சாதனையாளருக்குச் சிலை வைப்பதாலோ மருத்துவக் கல்லூரிக்கும் கோளரங்கத்துக்கும் பெயர் சூட்டுவதாலோ ஆணாதிக்கத்துக்கு ஒரு கீறலும் விழாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நான் ஆய்வுக்காகக் கொல்லிமலையில் தங்கியிருக்கிறேன். மலையாளிப் பழங்குடிப் பெண் பிள்ளைகளின் படிப்பு எங்கே, ஏன் அறுபடுகிறது என்பது என் ஆய்வு. இங்கே ஒரு பள்ளியில் கல்பனா சாவ்லாவின் படத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “அக்கா, இவங்களுக்கு யாரு காசு கட்டுனா?” அவர் எவ்வளவு தைரியசாலி என்றோ, எத்தனை மணி நேரம் படித்தார் என்றோ அவள் கேட்கவில்லை. பல ஆய்வு நூல்களில் நான் தேடிய கேள்வியை அவள் நேராகக் கேட்டுவிட்டாள்.

அதற்கு நேர்மையான பதில் உண்டு. கல்பனா சாதியின் அடித்தட்டில் நின்றவர் அல்லர். தொழில் நடத்தும் குடும்பம், மகள் படிக்கட்டும் என்று பின்னால் நின்ற தாய், மக்கள் வரிப்பணத்தில் நடந்த பொறியியல் கல்லூரி, வெளிநாட்டுக்குப் போகும் வசதி எல்லாம் சேர்ந்துதான் அவரை அமெரிக்கா வரை கொண்டு சேர்த்தன. இதைச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்துவது ஆகாது. அவர் பெண் என்பதால் எதிர்கொண்ட தடைகள் உண்மையானவை. அவற்றைத் தாண்ட அவரிடம் இருந்த ஏணியும் உண்மையானது. ஏணியை மறைத்துவிட்டு உயரத்தை மட்டும் காட்டுவதுதான் மோசடி.

அந்த ஏணியின் கடைசிப் படி இன்னும் முக்கியமானது. அது கல்பனா பிறக்கும் முன்பே தொடங்கிய ஒரு சண்டையில் கட்டப்பட்டது. 1959இல் நாசா முதல் ஏழு விண்வெளி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, விண்ணப்பிப்போர் இராணுவத்தின் ஜெட் சோதனை விமானிகளாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தது. விதியில் ‘பெண்கள் கூடாது’ என்று எங்கும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. சோதனை விமானிப் பயிற்சியில் பெண்களை இராணுவம் சேர்க்கவே இல்லையே! தேர்வான எழுவரும் வெள்ளை ஆண்கள். கோயில் கருவறைக்குள் யார் நுழையலாம் என்பதற்கு ‘ஆகமப்படி’ என்று சொல்வார்களே, அந்த வகைத் தந்திரம்தான் இது. நேராக மறுக்கமாட்டார்கள். நம்மால் நிறைவேற்ற முடியாத நிபந்தனையை வைத்துவிட்டு, நிபந்தனை எல்லோருக்கும் பொது என்பார்கள்.

அக்காலத்தில் தனியார் முயற்சியாக நடந்த ஒரு பரிசோதனையில், அந்த ஆண்களுக்கு வைத்த அதே மருத்துவச் சோதனைகளில் 13 பெண் விமானிகள் தேறினார்கள். அவர்களில் ஒருவரான ஜெர்ரி காப் ஆயிரக்கணக்கான மணி நேரம் விமானம் ஓட்டியவர். 1962 ஜூலையில் இந்தச் சிக்கல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழுவின் முன் வந்தது. அப்போது சாட்சி சொன்ன விண்வெளி வீரர் ஜான் கிளென், பெண்கள் இத்துறையில் இல்லாதது சமூக ஒழுங்கின் இயல்பு என்ற பொருளில் பேசினார். விதிப்படி பட்டம் அல்லது அதற்கு இணையான படிப்பு வேண்டும். கிளென் தேர்வானபோது பட்டப்படிப்பை முடித்திருக்கவில்லை. ‘இணையான’ என்ற சொல் அவருக்காக வளைந்து கொடுத்தது. பெண்களுக்கு மட்டும் விதி வளையவில்லை. ‘சமூக ஒழுங்கு’ என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு வருணாசிரமம் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

மறுபுறம் சோவியத் ஒன்றியம் விதியையே மாற்றிப் போட்டது. 1963 ஜூன் 16 அன்று விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் வாலண்டினா தெரஷ்கோவா ஒரு நூற்பாலைத் தொழிலாளி. தந்தை டிராக்டர் ஓட்டுநர், போரில் இறந்தவர். தாயும் ஆலைத் தொழிலாளி. வாலண்டினா போர் விமானி அல்லர்; பாராசூட்டில் குதிக்கப் பழகியவர். தேவையானதைப் பயிற்சியில் கற்றுக்கொண்டு, கிட்டத்தட்ட மூன்று நாளில் பூமியை 48 முறை சுற்றி வந்தார். ஆலைத் தொழிலாளிக்குப் ‘பிறவித் தகுதி’ எங்கிருந்து வந்தது? வாய்ப்பும் பயிற்சியும் கொடுத்தால் தகுதி வரும் என்று இடஒதுக்கீட்டுக்காக நாம் பேசுவதைத்தான் அந்தப் பயணம் காட்டியது.

ஆனால் அந்தக் கதையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. தெரஷ்கோவாவுக்குப் பிறகு அடுத்த சோவியத் பெண் விண்வெளிக்குப் போக 19 ஆண்டுகள் ஆயின. இடையில் 1969இல் பெண்களுக்கான பயிற்சிக் குழுவையே கலைத்துவிட்டார்கள். ஒருவரை ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவது அடையாள அரசியல். அது பிரதிநிதித்துவம் ஆகாது. நம் ஊரில் ஒரு தலித்தை உயர்ந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுச் சாதி ஒழிந்துவிட்டது என்பவர்களை நாம் பார்த்ததில்லையா? தெரஷ்கோவாவையும் நாம் கும்பிட வேண்டியதில்லை. 2020இல் ரஷ்ய நாடாளுமன்றத்தில் புதின் மீண்டும் அதிபராக வழிசெய்யும் திருத்தத்தை முன்மொழிந்தவர் அவரே. முன்னோடிகளிடம் கற்போம், அவர்களைப் புனிதராக்க வேண்டாம்.

அமெரிக்காவில் கதவு தானாகத் திறக்கவில்லை. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் பெண்கள் இயக்கமும் சேர்ந்து, வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை 1972இல் ஒன்றிய அரசு அலுவலகங்களுக்கும் நீட்டிக்க வைத்தன. அதன் பிறகு நாசா, விமானி அல்லாத அறிவியலாளர்களும் மருத்துவர்களும் பொறியாளர்களும் போகக்கூடிய ‘மிஷன் ஸ்பெஷலிஸ்ட்’ என்ற பிரிவை உண்டாக்கியது. 1978இல் தேர்வான 35 பேரில் 6 பேர் பெண்கள், 3 பேர் கறுப்பின ஆண்கள். சாலி ரைடு 1983இல் பறந்தார். 1992இல் மே ஜெமிசன் முதல் கறுப்பினப் பெண் விண்வெளி வீரர் ஆனார். 1997இல் கல்பனா ஏறியதும் இதே ‘மிஷன் ஸ்பெஷலிஸ்ட்’ என்ற கதவு வழியாகத்தான். 1959ஆம் ஆண்டு விதி அப்படியே இருந்திருந்தால், முனைவர் பட்டமும் துணிவும் கனவும் இருந்தும் கல்பனா தரையிலேயே நின்றிருப்பார். அவருடைய உண்மையான மரபு இதுதான்: கதவு பூட்டியிருந்தால் தட்டுகிறவரின் கையைக் குறைசொல்லாதே, பூட்டைப் பார்.

இந்தப் பார்வையோடு நம் நாட்டைப் பார்ப்போம். 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில், ககன்யான் பயணத்துக்குத் தேர்வான நால்வரின் பெயரைத் தலைமை அமைச்சர் அறிவித்தார். நால்வரும் ஆண்கள், நால்வரும் விமானப்படையின் சோதனை விமானிகள். அவர்களில் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025இல் பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்று திரும்பினார். ஏன் பெண் இல்லை என்று கேட்டால், சோதனை விமானிகளில் பெண்கள் இல்லை என்பார்கள். ஏன் இல்லை? நம் விமானப்படை பெண்களைப் போர் விமானிகளாகச் சேர்க்கத் தொடங்கியதே 2016இல்தான். பல ஆண்டுகள் பறந்த அனுபவம் இருந்தால்தான் சோதனை விமானி ஆக முடியும். 1959இல் அமெரிக்கா சொன்ன அதே சாக்கை, 65 ஆண்டுகள் கழித்து நாம் எழுத்துப் பிசகாமல் சொல்கிறோம்.

முதல் பயணம் ஆபத்தானது, சோதனை விமானிகள்தான் வேண்டும் என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. புதிய கலத்தின் முதல் ஓட்டத்துக்கு அந்த அனுபவம் உதவும். அப்படியானால் அடுத்த அணி எது? அதில் அறிவியலாளர்களும் மருத்துவர்களும் இடம்பெறுவார்களா? எந்த ஆண்டு? அதில் பெண்கள் எத்தனை பேர், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர்? இந்தக் கேள்விகளுக்கு ஆண்டும் எண்ணிக்கையும் உள்ள பதில் வேண்டும். ‘பிறகு பார்க்கலாம்’ என்பது ஆதிக்கம் காலங்காலமாகச் சொல்லிவரும் பதில்.

பெண் போகாத அந்தக் கலத்தில், ஆளில்லாத சோதனைப் பயணத்துக்காக ‘வியோமித்ரா’ என்றொரு எந்திரத்தை இஸ்ரோ செய்து 2020இல் காட்டியது. அதற்குப் பெண் உருவம் கொடுத்திருக்கிறார்கள். எதிர்த்துப் பேசாத, விதியைக் கேள்வி கேட்காத பெண் என்றால் விண்வெளிக்கும் அனுப்புவார்கள் போலும்! இத்தனைக்கும் இஸ்ரோவில் திறமையான பெண்களுக்குப் பஞ்சமில்லை. அரியலூரில் பிறந்த வளர்மதி 2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1இன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்தவர். விண்கலத்தைச் செய்து அனுப்பும் கைகள் பெண்களுடையவை. உள்ளே உட்காரும் உடல் மட்டும் ஆணுடையது.

சாதிக் கணக்கைப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். அறிவியல், தொழில்நுட்ப ஆய்வுப் பணிகளில் ‘அ’ பிரிவின் கீழ்மட்டத்துக்கு மேலுள்ள பதவிகளுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்க 1975இலேயே ஒன்றிய அரசு ஆணை பிறப்பித்தது. ஆய்வு என்றால் ‘தகுதி’ வேண்டுமாம். அதாவது நாம் கருவி துடைக்கலாம், கருத்துச் சொல்லக் கூடாது. ராக்கெட்டின் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் வழிபட்டுவிட்டு ஏவுகிறவர்களுக்கு, அறிவியலின் தூய்மை இடஒதுக்கீட்டால்தான் கெடும் என்ற கவலை!

நிலம் கொடுக்கும்போது மட்டும் யாரும் தகுதி கேட்பதில்லை. சிறீஹரிகோட்டா தீவில் ஏவுதளம் அமைத்தபோது அங்கே காலங்காலமாக வாழ்ந்த ஏனாதிப் பழங்குடி மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். 1963இல் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவில் மீனவ மக்கள் தங்கள் ஊரையும் தேவாலயத்தையும் விட்டுக் கொடுத்தார்கள். இப்போது தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் அடுத்த ஏவுதளம் எழுகிறது. நாட்டின் விண்வெளிக் கனவுக்கு அடித்தளம் போட்டது பழங்குடியினர், மீனவர் மண். அவர்களின் பிள்ளைகள் அந்த வளாகங்களில் எத்தனை பேர் அறிவியலாளர்களாக நுழைந்திருக்கிறார்கள் என்று அரசு வெளியிட வேண்டாமா?

கொல்லிமலையிலிருந்து பார்த்தால் இந்தப் பூட்டுகள் வரிசையாகத் தெரிகின்றன. காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஆகாய கங்கை பார்க்க வருகிறவர்களுக்கு அது சுற்றுலா. பொறியியல் படிக்கக் கீழே இறங்க வேண்டிய பிள்ளைக்கு அது விடுதி, பேருந்துக் கட்டணம், சாதிச் சான்றிதழ், வீட்டில் ஒரு கூலி குறைவது. பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அந்த ஒரு தாளுக்காக நடந்து நடந்து ஓர் ஆண்டையே தொலைத்த பெண் பிள்ளைகளை என் ஆய்வில் சந்தித்திருக்கிறேன். இங்கே பழங்குடியாக இருக்கும் மலையாளி மக்கள் ஈரோடு மாவட்ட மலைகளில் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டினால் ஒரு மனிதரின் வரலாறு மாறிவிடுமா?

வாய்ப்பு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. 2025இல் சேலம் மாவட்டம் கருமந்துறை அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மலையாளிப் பழங்குடி மாணவி ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம்பெற்றார். அரசுப் பள்ளி, ஆசிரியர்களின் பயிற்சி, இடஒதுக்கீடு, படிப்புச் செலவை ஏற்பதாக அரசு தந்த உறுதி ஆகிய எல்லாம் சேர்ந்தபோது அது நடந்தது. உயர்கல்விக்குச் செல்லும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தின் பயனை நான் வீடுவீடாகப் பார்க்கிறேன். அந்தப் பணம் பேருந்துக் கட்டணமாகிறது. படிப்பை நிறுத்தச் சொல்லும் உறவினரின் வாயையும் அடைக்கிறது.

கல்பனாவின் இறப்பும் நமக்கு ஒரு பாடம். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா கிளம்பியபோது, ஏறத்தாழ 82ஆவது நொடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத்துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். மேலே இருந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. நுரை முன்பும் விழுந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்பது அவர்கள் கணக்கு. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்க 16 நிமிடம் இருக்கையில் கலம் சிதறி எழுவரும் இறந்தனர். விபத்துக்கு நுரைத்துண்டு எவ்வளவு காரணமோ, அதே அளவுக்கு நாசாவின் நிறுவனப் பண்பாடும் காரணம் என்றது விசாரணைக் குழுவின் ஆகஸ்ட் 2003 அறிக்கை. கீழே இருப்பவரின் ஐயம் மேலே ஏறாத படிநிலை ஏழு உயிர்களைக் கொன்றது. படிநிலையையே மதமாகக் கொண்ட சமூகம் நம்முடையது. இங்கே மலக்குழியில் இறங்கச் சொல்லப்படுபவரின் அச்சத்தை யார் கேட்கிறார்கள்? ஆய்வுக்கூடத்தில் முதல் தலைமுறை மாணவியின் ஐயத்தை யார் குறித்துக்கொள்கிறார்கள்?

ஆகவே கல்பனா சாவ்லாவை மதிப்பது என்றால் நாம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. இந்தியாவின் அடுத்த விண்வெளி அணியில் விமானி அல்லாதோருக்கான பிரிவு வேண்டும். அதில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் உறுதியான இடம் வேண்டும். 1975ஆம் ஆண்டு விலக்கு ஆணையைத் திரும்பப் பெற வேண்டும். பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் உதவித்தொகை நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு வெறும் 20 பேருக்கு என்ற இழிநிலை மாற வேண்டும். மலைப் பள்ளிகளில் ஆய்வகமும் அறிவியல் ஆசிரியரும் இருக்க வேண்டும். சான்றிதழ் பள்ளியைத் தேடி வர வேண்டும்.

தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். கொல்லிமலை சேந்தமங்கலத்தில் இருக்கிறது. இந்த ஒதுக்கீடு இல்லையென்றால் இம்மக்களில் ஒருவர் சட்டமன்றப் படியேறியிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள் தோழர்களே. கோட்டைக்கு எது வழியோ அதுவே விண்வெளிக்கும் வழி. துணிவு இம்மலைப் பெண்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்குத் துணிவைப் பற்றிப் பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டு, சாவியை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்போம்.